கருப்பட்டியும் பால் கணக்கு நோட்டும்

"ஆடி மாசத்துல யாராவது வீட்டுக்குப் புதுசா ஒண்ணைக் கொண்டு வருவாங்களாடா?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் கருப்பட்டி ஹால் நடுவில் முதல் உச்சாவைப் போய்விட்டாள். தெருவில் கிடைத்த நாட்டு நாய்க்குட்டி. இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். மதுரையில் எங்கள் வீடு முதல் மாடி, மொசைக் தரை. மொசைக்கில் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, காலில் பட்டால்தான் தெரியும்.

நான் முதலில் செய்தது பால்கனி ஓரத்தில் பழைய பேப்பரை விரித்தது. மூன்றே நாளில் பழகிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. நான்காம் நாள் காலை, காபிக்காக அப்பா தரையில் வைத்த அன்றைய பேப்பரிலும் போய்விட்டாள். அப்பா ராசிபலன்கூடப் பார்த்திருக்கவில்லை. அவளைத் திட்டி என்ன பயன்? காலுக்கடியில் தாள் இருந்தால் போகலாம் என்று பழக்கியது நான்தானே.

தெருவுக்கு அழைத்துப் போகவும் வழியில்லை. தடுப்பூசி எல்லாம் முடிய அவளுக்கு நான்கு மாத வயது ஆகிவிடும், அதுவரை தெருவில் விட்டால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயம். மொட்டை மாடி மூலையில் செங்கல் அடுக்கி மணல் கொட்டினேன். மணலைப் பழக்குவதைவிடப் பேப்பரை மறக்கடிக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா, "மூக்கைப் பிடிச்சு அதுலயே தேய்ங்க, புத்தி வரும்" என்றார். அம்மா ஒரே ஒரு முறை செய்து பார்த்தாள். அப்புறம் இரண்டு நாள் ஹாலில் ஒரு சொட்டு இல்லை. மூன்றாம் நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வாடை வந்தது. எங்கள் கண்ணெதிரே போகக்கூடாது என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருக்கிறது! போன பிறகு திட்டினால், எதற்கு என்று நாய்க்கு விளங்காது என்றார் டாக்டர். பினாயில் போட்டுத் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாடை போகுமாம், அவள் மூக்குக்குப் போகாதாம். வினிகரில் தண்ணீர் கலந்து ஓரிடத்தில் சோதித்துப் பார்த்தோம். மொசைக் மங்கியதுதான் மிச்சம். கடைசியில் நாய்க்கென்றே விற்கிற என்சைம் திரவம் வாங்கினேன். விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

குட்டிக்கு எத்தனை மாதமோ, சுமார் அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, எப்போதெல்லாம் போகிறாள் என்று எழுதிப் பார்ப்போமே என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தேன். தூங்கி எழுந்ததும் ஒன்று. சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள் ஒன்று. விளையாட்டு நடுவில் சட்டென்று நின்று, தரையை மோந்து ஒரு சுற்று சுற்றினால் அடுத்தது நிச்சயம். ஒரு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்குள் நடந்த விபத்து பெரும்பாலும் இரவு ஏழிலிருந்து எட்டரைக்குள். நான் வேலையிலிருந்து திரும்பாத நேரம், அம்மாவின் சீரியல் நேரம். நோட்டைக் காட்டினேன். "அப்போ என் மேலதான் தப்புங்கிறியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து விளம்பரம் போட்டதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட ஆரம்பித்தாள். போய் முடித்த அந்த நொடியே ஒரு துண்டு அவித்த முட்டை. கீழே வந்து கொடுத்தால் படியிறங்கியதற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வாள். ஒரு மாதத்தில் ஹால் காய்ந்தது. நோட்டும் அம்மா கைக்குப் போய்விட்டது.

இப்போது ஐப்பசி மழை. தடுப்பூசி முடிந்து தெருவுக்கும் போகலாம், ஆனால் அவளுக்கு அந்த மணல்தான் வேண்டும், அதுவும் நனையாமல். காலை ஐந்து மணிக்கு அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நனைகிறேன். அவள் மணலை மோந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். கீழேயிருந்து அம்மா கத்துகிறாள்: "போயிட்டாளா? மணி என்னன்னு பார்த்துச் சொல்லு!"