காது வலிக்கு வாயைத் திறக்கச் சொன்னால்

திருகோணமலையில் எங்கள் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு வருபவர்களில் கனபேர் வீட்டிலேயே உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்குள் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். தாதியாக இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

தடிமன் பிடித்த பிள்ளைக்குக் காது நோவது வழக்கம். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் சிறு குழாய் வீங்கி அடைபடுவதால் வரும் நோவு அது. எனக்குப் பயம் தருவது வேறு வகை. வயதில் பெரியவர், ஒரு பக்கக் காது, வாரக்கணக்கில் வலி. ஆனால் காதுக்குள் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

சல்லி என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்து அப்படி ஒரு ஐயா வந்தார். கடல் தொழில். ராத்திரி முழுக்க வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வலை இழுப்பவர். "காதுக்கு விடுற மருந்து தாங்கோ பிள்ளை, அது போதும்" என்றார். எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவர் வலது கண் சுருங்கியது. வலியைக் காட்டிய விரல் காதில் தொடங்கித் தாடைக்குக் கீழே இறங்கியது. வாயைத் திறக்கச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது: "நோவு காதில, வாயை ஏன் பாக்கிறீங்கள்?"

நியாயமான கேள்வி. டொன்சிலுக்கும் அடிநாக்குக்கும் போகும் ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை ஒன்று நடுக்காதுக்கும் போகிறது. அதனால் தொண்டைப் புண்ணின் நோவு காதிலும் தெரியும். டொன்சில் எடுத்த பிள்ளைகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதும் இதனால்தான். இதைச் சொன்னதும் ஐயா வாயைத் திறந்தார். டொன்சிலுக்குப் பக்கத்தில் ஒரு புண். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. கழுத்தில் கட்டி வருமுன்பே பிடிபட்டதால் சிகிச்சைக்கு நேரம் இருந்தது.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிலேயே சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடுறதில்லை, பாக்கு மட்டும்தான்" என்று ஆறுதலாகச் சொல்பவர்களிடம் இதை மறக்காமல் சொல்கிறேன்.

காது நோவு என்று வரும் பெரியவர்களிடம் இப்போதெல்லாம் விழுங்க நோகிறதா, குரல் அடைத்திருக்கிறதா, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா, வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டு எழுதித்தான் டொக்டரிடம் அனுப்புகிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, கேட்காமல் விடமாட்டேன்.