கணக்கு சரியாக வந்ததுதான் தப்பு

போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போக அம்மா எண்ணிக் கொடுத்தது 500 ரூபாய். நான்கு நூறு, ஒன்பது பத்து, கடைசியாக ஒரு பத்து ரூபாய் நாணயம். ஜிபே பக்கம் கை போகவே கூடாதாம். "அதுல தட்டுனா காசு போறது கண்ணுக்குத் தெரியாதுடா."

சரி என்று செல்போனில் கூட்டிக்கொண்டே போனேன். தக்காளி 2 கிலோ 60, சின்ன வெங்காயம் 70, அவரை அரைக் கிலோ 40, முருங்கை 20, தேங்காய் மூன்று 105. ஆக 295. அப்போது பார்த்து அம்மாவே போன் போட்டார். "புளி என்னடா விலை சொல்றாங்க?" பேசிவிட்டுப் பார்த்தால் திரையில் முட்டை. ஆடு ஓட்டிப் போகிற வழியில் நின்று பையைக் கிளறி மறுபடி கூட்டினேன். மூன்று தடவைக்கு மூன்று விடை. நான்காவது தடவைக்குள் ஒரு கிடாய் அவரைக்காயில் வாய் வைத்துவிட்டது.

அம்மாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கட்டைவிரல் மற்ற விரல்களின் ரேகைகளைத் தொட்டபடி போகும். நடுவே அடுத்த தெரு மருமகள் கதை முழுசாக ஓடினாலும் கணக்கு கலையாது.

கொட்டை எடுத்த புளி ஒரு கிலோ 160. மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போதே வருஷத்துக்கு வாங்கிப் போடலாம் என்றேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

கொத்தமல்லிக்கட்டு 10. நாணயத்தை நீட்டினேன். "இது செல்லாது தம்பி." 14 வகைப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. கொத்தமல்லிக்கார அம்மா இன்னும் சொல்லவில்லை. என் சொந்தத் தாளைக் கொடுத்துவிட்டு நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

465-இல் நின்றிருந்தால் நான் உத்தமன். எதிரே ஈர மண்ணோடு பச்சைக் கல்லக்காய்க் குவியல், அதாவது நிலக்கடலை. அரைக் கிலோ 45. பத்து ரூபாய் இடித்தது. என் கைக்காசைப் போட்டேன். வழியெல்லாம் மென்றபடியே, கல்லக்காய் 35 என்று ஒப்பிக்கப் பழகிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒப்பித்தேன். "மொத்தம் சரியா 500 ம்மா."

அம்மா பையைக்கூடப் பார்க்கவில்லை. "சந்தைக் கணக்கு ஒரு ரூபாயாவது இடிக்காம வராதே. எதுலடா பொய்?"

"கல்லக்கா."

"எவ்வளவு?"

"பத்து."

நாலு வசவு விழும் என்று நின்றேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "உன் காசு எதுக்குடா செலவாகணும், இந்தா" என்று உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

பத்து ரூபாய் நாணயம். பையில் இதோடு இரண்டு.