தெரபிஸ்ட் வேறு ஊரில், நோயாளி என் முன்னால்

கலிபோர்னியாவில் பிசியோதெரபி உதவியாளராக உரிமம் வாங்கும்வரை வழி தெளிவாகவே இருந்தது: இரண்டாண்டுப் படிப்பு, தேசியத் தேர்வு, மாநிலச் சட்டத் தேர்வு. தலைசுற்றல் தொடங்கியது வேலையில் சேர்ந்த பிறகுதான். என்னை மேற்பார்வையிடும் தெரபிஸ்ட் எங்கே இருக்க வேண்டும்?

நான் சேர்ந்தது தனியார் கிளினிக். மாநில விதிப்படி அவர் நேரிலோ தொலைபேசியிலோ உடனே கிடைத்தால் போதும். ஆனால் மெடிகேர் (பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளி என்றால், 2024 முடியும்வரை தெரபிஸ்ட் அதே அலுவலகத்துக்குள் இருந்தாக வேண்டும்; 2020 முதல் நேரலைக் காணொளியில் உடனே கிடைத்தாலும் ஏற்றார்கள். அவர் பல் மருத்துவரிடம் போனால் மெடிகேர் நோயாளிகளின் முன்பதிவெல்லாம் ரத்து. நாற்பது வயதுக்காரருக்கு அதே பயிற்சியை நான் தாராளமாகத் தரலாம். முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு இதே மெடிகேர் இப்படிக் கெடுபிடி செய்யவில்லை என்பதுதான் எரிச்சல்.

2025 ஜனவரி 1 முதல் எங்களுக்கும் தளர்த்தினார்கள்: தெரபிஸ்ட் தொலைபேசியில் கிடைத்தால் போதும். "இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்" என்றது நிர்வாகம். ஆனால் முதல் மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், பத்து சிகிச்சை நாளுக்குள் ஒருமுறை முன்னேற்ற அறிக்கை எல்லாம் இன்னமும் தெரபிஸ்டின் பொறுப்பு. நான் தரும் சிகிச்சைக்கு, தெரபிஸ்ட் தந்தால் கிடைக்கும் தொகையில் 85 சதவீதமே மெடிகேர் தருவதும் மாறவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் யார் மேற்பார்வை, எந்த எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று எழுதித் தரும்படி கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வரவேற்பறைக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டினார்கள்.

அந்தப் பலகை சீக்கிரமே உதவியது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பெண்மணி ஒருவர் காலை நீட்டியதும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. இரத்த உறைவோ என்று சந்தேகம். நோயைத் தீர்மானிப்பது என் வேலையல்ல. பார்த்ததைச் சொல்வது என் வேலை. வேறு ஊரில் இருந்த தெரபிஸ்ட் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பயிற்சியை நிறுத்தச் சொல்லி, அறுவை மருத்துவரை அவரே அழைத்தார். நோயாளி நேராக அவசரப் பிரிவுக்குப் போனார்.

வேறு மாநிலத்தில் வேலை தேடுகிறவர்கள் முதலில் அந்த மாநில விதியைப் படியுங்கள். அது கடுமையாக இருந்தால் மெடிகேரின் தளர்வு உதவாது. எங்கள் தெரபிஸ்ட் விமானம் ஏறும் நாட்களில், நிர்வாகம் முகம் சுளித்தாலும், பலகையில் இன்னொருவர் பெயர் ஏறிய பிறகே முதல் நோயாளியை உள்ளே அழைக்கிறேன்.