முதுமையில் தைமஸ் சுரப்பி

தருமபுரியில் உடற்கூறியல் கற்பிக்கும் நான், உடல்தானம் செய்த முதியவர்களின் மார்பெலும்பை உயர்த்தியதும் தென்படும் மஞ்சள் நிறக் கொழுப்பை அவசரமாக அகற்ற மாணவர்களை விடுவதில்லை. பூப்பெய்தும் பருவத்தில் சுமார் 30 முதல் 40 கிராம் எடையுள்ள தைமஸ் (மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் நோயெதிர்ப்பு உறுப்பு), பின்னர் படிப்படியாகக் கொழுப்பாக மாறினாலும் முற்றிலும் மறைவதில்லை; மெல்லிய உறையைப் பொறுமையாகப் பிரித்தால் இரு மடல்களின் வடிவம் பலரிடம் இன்னமும் புலப்படும், நுண்ணோக்கியிலோ ஹாசல் துகள்களோடு (தைமஸுக்கே உரிய, வளையங்களாக அடுக்கப்பட்ட செல் திரள்கள்) கூடிய திசுத் தீவுகள் தெரியும். 1961இல் ஆய்வாளர் ஜாக் மில்லர் இதன் நோயெதிர்ப்புப் பணியை வெளிப்படுத்தும்வரை பயனற்றதாகக் கருதப்பட்ட உறுப்பு இது என்பதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. மடல்கள் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை. சிலருக்கு மேல்முனை கழுத்தில் தைராய்டு வரை நீள்கிறது; வழக்கமாகச் சுரப்பியின் பின்னால் செல்லும் இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரை (இடது கை, தலை, கழுத்தின் இரத்தத்தை இதயம் நோக்கிக் கொண்டுசெல்லும் பெரிய இரத்தக்குழாய்), அரிதாக முன்னால் செல்வதும் உண்டு. தசைகளைத் தளரச் செய்யும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்காகத் தைமஸை அகற்றும் அறுவை மருத்துவர்கள் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்தே எடுப்பதற்கு, அதற்குள் சிதறிக் கிடக்கும் தைமஸ் திசுவே காரணம்.