சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாமே

மழை பிடித்துவிட்டால் மார்த்தாண்டம் பக்கத்து மெடிக்கல்களில் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, சளிக்கு அசித்ரோமைசின் ரெண்டு தாங்க." கடைக்காரரும் அட்டையைக் கத்தரித்து, பெயரும் தேதியும் இல்லாத துண்டைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். சாதாரண சளி வைரஸால் வருவது, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான இந்த அசித்ரோமைசின் அதைத் தொடவே தொடாது. ஆனால் நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்குபவை மட்டும் பிழைத்துப் பெருகும்; அதோடு நிற்காமல் அந்தத் தாங்கும் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் வழியாக வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும், எனக்குப் பெரிய பயமே அதுதான். அப்புறம் தொற்று வந்தால் மருந்து கேட்காது; சிசேரியன், புற்றுநோய் சிகிச்சை, பச்சைக்குழந்தைக்கு வரும் ரத்தத்தொற்று எல்லாமே ஆபத்தாகிவிடும், மாத்திரையே சாப்பிடாதவருக்கும்கூட. 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் மருந்து விதிகளின் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, டாக்டர் சீட்டு வேண்டும், நோயாளி பெயரைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே சீட்டில்லாத விற்பனையைப் பிடிக்க 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கினார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அப்படிச் சோதனை நடக்க வேண்டும் என்று கேட்கிறேன்.