பர்த்டே கார்டும் மார்பிள் பேப்பரும்
அக்கா பொண்ணு பர்த்டேக்கு இந்த தடவையும் கார்டு நான்தான் பண்றேன். புதுச்சேரியில இருந்துக்கிட்டு பேப்பருக்கு அலையணுமா என்ன, அரவிந்தர் ஆசிரமத்தோட கைக்காகித ஆலை 1959லேர்ந்து இருக்கு, பருத்தித் துணிக் கழிவக் கூழாக்கிப் பண்றாங்க, அதுல அந்த மார்பிள் டிசைன் ஷீட் இருக்கே, தண்ணி மேல கலர மிதக்கவிட்டு அப்படியே பேப்பர்ல ஒத்தி எடுக்கறது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது, எனக்கு அதான் உசுரு. அதுமேலயே ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சா மட்டும் டிசைன்ல முழுகிடும், அதனால வழுவழு வெள்ளை அட்டையில அடிச்சு வெட்டி ஒட்டிடுங்க. ஸ்டாம்ப் யானைதான், மணக்குள விநாயகர் கோயில் யானையா இருந்த லட்சுமிய அவ இன்னும் மறக்கல. ஸ்டாம்ப் மையில, டை இங்க் (சாய மை) சட்டுனு காஞ்சிடும், பிக்மென்ட் இங்க் (நிறமித் தூள் கலந்த மை) நம்ம ஊர் கடல்காத்துக்கு லேசுல காயாது, ஆனா சூடு பட்டா உருகி மேடா நிக்கிற எம்போசிங் பவுடர் ஒட்டணும்னா அந்த ஈரம்தான் வேணும். சூடு காட்ட ஹீட் கன் வாங்கிடுங்க, ஹேர் டிரையர்னா பவுடர் வீடு பூரா பறக்கும்!