பாதியில் நின்ற கைகாட்டி

ஹட்டனில் எங்கள் வீட்டு மாடி அறையில், 6 அடிக்கு 4 அடிப் பலகையொன்றின் மேல் ஒரு சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. இலண்டனில் வசிக்கும் மாமா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த பழைய தண்டவாளங்களையும் ஓர் எஞ்சினையும் வைத்து, மகளும் நானும் மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கட்டியது அது. அளவு 76-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். நம் மலையகப் பாதையின் அகலமான 1,676 மில்லிமீற்றரை இதே அளவுக்குச் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வரவேண்டும். ஆகவே எங்கள் பாதை உண்மையைவிட ஒடுங்கியது என்பதை ஒப்புக்கொண்டுதான் தேயிலைச் சரிவையும் சிங்கமலைச் சுரங்கத்தின் வாயையும் அதன் அருகே செய்து வைத்தோம்.

அந்த நிலையத்தின் நுழைவில் ஒரு கைகாட்டி நிற்கிறது. கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் உள்ளே வரலாம். பொத்தானை அழுத்தினால், பலகைக்கு அடியில் உள்ள இரட்டைச் சுருள்களில் ஒன்று இரும்புத் தண்டொன்றை இழுக்க, அதனோடு பிணைந்த மெல்லிய உருக்குக் கம்பி கையை அசைக்கும். மறு பொத்தான் மறு சுருளுக்கு உரியது. இவ்வளவு எளிய பொறிதான் சென்ற மழைக்காலத்தில் சரியாக வேலை செய்ய மறுத்தது. காலை வேளையில் கை பாதி இறங்கி, அங்கேயே நின்று, தேனீயைப் போல இரைந்துகொண்டிருக்கும். வெயில் ஏறிய பின் சில நாட்களில் முழுதாக இறங்கும்; சில நாட்களில் அதுவும் இல்லை.

எதிர்வீட்டில் இருக்கும் ஐயா புகையிரதத் திணைக்களத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் தேநீரோடு மாடிக்கு வந்தவரிடம் அதைக் காட்டினேன். "தம்பி, அரையில நிக்கிற கையை இறங்காத கைன்னுதான் டிரைவர் எடுத்துக்கணும். ரெண்டுங்கெட்டானா நிக்கிற கையை நம்பி ஒருத்தரும் வண்டிய எடுக்க மாட்டாங்க" என்றார். உண்மையான கைகாட்டியில் இழுகம்பி அறுந்துபோனாலும் கை தானாகவே ஆபத்து நிலைக்குத் திரும்பும்படி எதிர்ப்பாரம் பொருத்தியிருப்பார்கள். எங்கள் மாதிரியில் அந்தப் பாரம் கிடையாது. சுருள் விட்ட இடத்திலேயே கை நின்றுவிடும். அவர் போன பிறகு, அந்தக் கையை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் செய்தது தவறான காரியம். வலு போதவில்லை என்று எண்ணிப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தேன். இத்தகைய சுருள் கண நேர மின்னோட்டத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. சில விநாடிகளிலேயே அது சூடேறி, கம்பியின் மேற்பூச்சு கருகும் வாசனை வந்தது. உடனே கையை எடுத்ததால் சுருள் பிழைத்தது. அன்றிலிருந்து ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டேன்: மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, விரலால் தள்ளிப் பார்த்த பிறகே மற்றவை.

விரலால் தள்ளியதும் பாதிக் காரணம் வெளிப்பட்டது. தண்டு இரண்டு ஓரங்களிலும் இலகுவாக நகர்ந்தது. நடுவில் மட்டும் களிமண்ணில் புதைந்த கால்போல இழுத்தது. கழற்றிப் பார்த்தபோது, யாரோ எப்போதோ விட்ட தையல் மெஷின் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாகத் தண்டைச் சுற்றி ஒட்டியிருந்தது. 4,000 அடிக்கு மேலுள்ள எங்கள் ஊரின் காலைக் குளிரில் அந்தப் பிசின் இறுகும், நண்பகலில் இளகும். வெயிலோடு கைகாட்டியின் குணம் மாறியதற்கு இதுவே விளக்கம். அதற்குக் கீழே, மூடுபனியின் ஈரம் இரும்பில் மெல்லிய துருவைப் படரவிட்டிருந்தது.

விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரோபைல் அற்ககோலில் தோய்த்து, சுருளின் உட்குழாயைத் துடைத்தேன். முதல் பஞ்சு தேநீர்ச் சாயமாக வந்தது. ஆறாவது பஞ்சு வெள்ளையாக வந்தபோதுதான் நிறுத்தினேன். அற்ககோல் சில வகைப் பூச்சுகளைக் கரைத்துவிடும் என்பதால், வர்ணம் பூசிய பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது நல்லது. துருவை 2,000 இலக்க நீர்த்தாளால் நீளவாக்கில் மட்டும் தேய்த்து எடுத்தேன். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்களே அடுத்த தடையாகிவிடும். எண்ணெய்க்குப் பதிலாக 4பி பென்சிலின் கரியைத் தண்டின் மேல் உரசிவிட்டேன். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே தொடுமுனைகளின் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையின் அச்சில் திரண்டிருந்த வர்ணத்தையும் ஊசி முனையால் சுரண்டிய பின், ஊதினாலே கை ஆடியது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் பத்துக்கு இரண்டு தடவை கை தயங்கியது. அப்போதுதான் மின்தடையை அளக்கும் பல்மானியை எடுத்தேன். சுருளின் தடை 4.2 ஓம். பொத்தானிலிருந்து சுருளுக்குப் போய் மீளும் கம்பிகளின் தடை 2.1 ஓம், அவை பழைய ஹெட்போன் ஒன்றிலிருந்து உரித்த, போக வர 7 மீற்றர் நீளமான மயிரிழைக் கம்பிகள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தடை கம்பியிலேயே இருப்பதால், சுருளுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் மூன்றில் இரண்டாகிறது. வரிச்சுருளின் இழுவிசையோ ஏறத்தாழ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. அப்படியானால் இழுப்பு ஒன்பதில் நான்கு, அதாவது பாதிக்கும் குறைவு. கம்பி மெலிந்தால் இவ்வளவு போகும் என்பதை நான் பாடநூலில் படித்திருக்கிறேன். என் பலகையின் அடியிலேயே பார்த்தபோதுதான் அது மனத்தில் பதிந்தது. கடையில் 0.75 சதுர மில்லிமீற்றர் இரட்டைக் கம்பி வாங்கிப் பற்றாசு பிடித்து மாற்றியதும், கம்பியின் தடை 0.2 ஓமுக்கு இறங்கியது. (பல்மானியின் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, அதன் சொந்தத் தடையை முதலில் கழித்துக்கொள்ளுங்கள்.)

சுருள் மறுபடி கருகும் அபாயத்தையும் நீக்க வேண்டியிருந்தது. மகள் இன்னும் சிறு பிள்ளை. பொத்தானைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். வீட்டு மின்சாரத்தைக் குறைத்து நிலைமாற்றி தரும் 16 வோல்ற்று ஆடலோட்டத்தை (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை) நான்கு டையோடுகளால் ஒரே திசையில் ஓடும்படி சீராக்கி, 35 வோல்ற்றுத் தாங்கும் 4,700 மைக்ரோபரட் கெப்பாசிட்டர் ஒன்றில் சேமித்து, அந்தச் சேமிப்பைப் பொத்தான் வழியே சுருளில் ஒரேயடியாகக் கொட்டும்படி அமைத்தேன். கெப்பாசிட்டர் ஏறத்தாழ 22 வோல்ற்று வரை நிரம்பும். அதற்குப் போகும் வழியில், தடைக்குப் பதிலாக, லொறிக்குப் போடும் 24 வோல்ற்று, 5 வாற்றுச் சிறு பல்ப் ஒன்றைத் தொடரில் வைத்தேன். நிரம்பும்போது அது ஒரு கணம் மின்னி அணைகிறது. பொத்தானை யாராவது விடாமல் பிடித்தால் பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். சுருளுக்குப் போவது சுமார் 0.2 அம்பியர் மட்டும், அதனால் அது சூடேறாது. பலகைக்கு அடியில் கை வைப்பதற்கு முன், இணைப்பைத் துண்டித்து, 100 ஓம் தடையொன்றால் கெப்பாசிட்டரை வெறுமையாக்கிக்கொள்வது அவசியம்.

மறுநாள் காலை, கண்ணாடிக்கு வெளியே வீதியே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தது. பழைய கைகாட்டியாக இருந்தால் நிச்சயம் தவறியிருக்கும் காலை அது. நானும் மகளும் மாறி மாறி நூறு தடவை அழுத்தினோம். அவள் கொப்பியில் கோடு போட்டு எண்ணினாள். நூறு தடவையும் "டக்" என்ற ஒற்றைச் சத்தத்தோடு கை முழுதாக இறங்கி, முழுதாக எழுந்தது. இரைச்சல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிறகு பலகைக்கு அடியில் சுருளின் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, அன்றைய திகதியைப் போட்டு, "எண்ணெய் விட வேண்டாம்" என்று அவளையே எழுதவைத்தேன்.